தடித்த செரிப் எழுத்தைக் கையாளும் விதம்: சேலத்தில் டிசைன் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சேலத்தில் எந்த டிசைன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இந்தப் பேச்சு காதில் விழும்: “பேரு நல்லா தடியா, கெத்தா தெரியணுங்க.” சொல்பவர் லீ பஜாரில் மண்டி வைத்திருக்கலாம், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தலாம், ஏற்காட்டிலிருந்து காபித்தூளுக்கு லேபிள் போட வந்திருக்கலாம். மூன்று பேருக்கும் வேண்டியது ஒன்றேதான். பலகையையோ பொட்டலத்தையோ பார்த்தவுடன் ‘ரொம்ப நாளாக இருக்கிற கடை, ஏமாற்ற மாட்டார்கள்’ என்று தோன்ற வேண்டும். அந்தத் தோற்றத்தை ஆங்கிலத்தில் எளிதாகத் தருவது தடித்த செரிப் எழுத்து. தமிழிலும் தரலாம், கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பொதுவாக ஃபான்ட் பட்டியலைத் திறந்து, இருப்பதிலேயே தடியாக உள்ளதைப் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். திரையில் பிரமாதமாக இருக்கும். துணிப்பையில் அச்சாகி வந்தால் வெறும் கறுப்புக் கட்டியாக நிற்கும். தடித்த எழுத்தைப் படிக்க வைப்பது அதற்குள் மிச்சமிருக்கும் வெள்ளை இடம். அந்த வெள்ளையைக் கடைசிவரை காப்பாற்றுவதுதான் இங்கே வேலை.

முதல் படி: எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

செரிப் என்பது ஆங்கில எழுத்தின் கோடு முடியும் இடத்தில் வரும் சின்னப் பாதம். பெரிய ‘ஐ’ (I) எழுத்தின் மேலும் கீழும் குறுக்காக ஒரு பட்டை இருக்கிறதே, அதுதான். ஒரு ஃபான்ட்டை எடுத்ததும் பெரிய ‘ஆர்’ (R), சிறிய ‘ஏ’ (a), சிறிய ‘இ’ (e) மூன்றையும் திரை நிறைகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். பாதம் தண்டோடு, அதாவது நிற்கும் கோட்டோடு, சேரும் மூலை வளைவாக இருக்கிறதா, வெட்டினாற்போல இருக்கிறதா? தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? ‘ஏ’, ‘இ’ எழுத்துகளின் கண், அதாவது உள்ளே இருக்கும் வெள்ளை, எவ்வளவு திறந்திருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அந்த ஃபான்ட்டை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இதைப் பழக கிளாரண்டன் நல்ல பாடம். லண்டனில் ஃபேன் ஸ்ட்ரீட் எழுத்து வார்ப்பகத்தை நடத்திய ராபர்ட் பெஸ்லி 1845-இல் வெளியிட்டது. அச்சு வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அதற்கு முன்பும் தடித்த எழுத்துகள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரிச் சுவரொட்டிகளில் கொழுத்த எழுத்துகள் சக்கைப்போடு போட்டன. ஆனால் அவற்றைச் சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் வைத்தால் ஒட்டாது. கிளாரண்டன் ஒட்டியது. அகராதியில் தலைச்சொல்லைத் தடித்தும் பொருளைச் சாதாரணமாகவும் போடுவதற்கு வாகாக அமைந்தது. பெஸ்லி அதைப் பதிவு செய்து மூன்றாண்டுப் பாதுகாப்பு வாங்கினார். காலக்கெடு முடிந்ததோ இல்லையோ, மற்ற வார்ப்பகங்கள் ஆளாளுக்கு நகல் எடுத்துவிட்டன. அதனால் இன்று கிளாரண்டன் என்ற பெயரில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது.

அதன் அடையாளங்களைக் கண்ணில் பதியவைத்துக்கொள்ளுங்கள். பாதம் கனமானது, தண்டோடு வளைந்து சேரும். சிறிய ‘ஏ’, ‘சி’, ‘ஆர்’ எழுத்துகளின் நுனியில் உருண்டைப் பொட்டு இருக்கும். பெரிய ‘ஆர்’ எழுத்தின் கால் நுனி மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். மெல்லிய கோடுகூட போதுமான தடிமனோடு இருப்பதால் மட்டமான தாளிலும் தப்பித்துக்கொள்ளும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளில் நெடுங்காலம் இந்த வகைதான் இருந்தது. பிற்பாடு, குறைந்த இடத்தில் அடங்குகிற இன்னொரு எழுத்தை அதற்கென்றே வரைய வைத்தார்கள். கிளாரண்டனின் குறையும் இதிலேயே தெரிகிறது: அகலத்தைத் தின்னும்.

இரண்டாம் படி: கடைக்கு ஏற்ற குணம்

தடித்த செரிப் எல்லாம் ஒரே மாதிரி பேசுவதில்லை. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைப்பவற்றை வைத்தே சொல்கிறேன்.

கிளாரண்டன் குணம் வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் ‘பெஸ்லி’ என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. சாதாரணத் தடிமனான ரெகுலர் முதல் மிகத் தடித்த பிளாக் வரை எல்லாக் கனமும் கிடைக்கும். மண்டி, ஹார்டுவேர், காபித்தூள், எண்ணெய்ச் செக்கு, பாத்திரக்கடை என்று கைக்கும் எடைக்கும் சம்பந்தப்பட்ட எந்த வியாபாரத்துக்கும் பொருந்தும். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது இதுதான். எதைப் போடுவது என்று குழப்பமாக இருந்தால் இதில் தொடங்குங்கள், பெரிய தப்பு வராது.

அடுத்தது கூப்பர் பிளாக் வகை. சிகாகோவில் ஆஸ்வால்டு கூப்பர் வரைந்து 1922-இல் வந்தது. பாதமெல்லாம் உருண்டு, மூலையே இல்லாமல் இருக்கும். ஈஸிஜெட் விமானங்களில் எழுதியிருப்பது இந்த எழுத்துதான். பேக்கரி, ஐஸ்கிரீம், குழந்தைத் துணி, தட்டுவடை செட் கடை இவற்றுக்கு அழகு. இதே சாயலில் இலவசமாக வேண்டுமென்றால் ‘ஃப்ரான்சஸ்’ ஃபான்ட்டின் பிளாக் கனத்தைப் பாருங்கள். கோவில் நோட்டீஸிலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் இதைப் போடுவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். துக்க வீட்டில் பலூன் கட்டிய மாதிரி இருக்கும்.

மூன்றாவது, போடோனி என்ற பழைய இத்தாலிய எழுத்தின் சாயல் உள்ளவை. தடித்த கோடு மிகத் தடிமன், மெல்லிய கோடு மயிரிழை. ‘பிளேஃபேர் டிஸ்ப்ளே’ பிளாக், ‘அப்ரில் ஃபேட்ஃபேஸ்’ இரண்டும் இந்தப் பக்கம். நகை, பட்டு, கல்யாணப் பத்திரிகை என்றால் பகட்டாக இருக்கும். வழவழப்பான தாளில் மட்டுமே போடுங்கள். பிட் நோட்டீஸில் மயிரிழை உடைந்து, ஒரு எழுத்து இரண்டு துண்டாக நிற்கும்.

காஸ்லன் போன்ற பழைய பாணியின் தடித்த வடிவங்களும் உண்டு. பள்ளிக்கூட ஆண்டுமலர், அறக்கட்டளை, புத்தக அட்டை ஆகியவற்றுக்கு அமைதியாகப் பொருந்தும். நம் தெரு வேலைக்கு அதிகம் தேவைப்படாது.

மூன்றாம் படி: தமிழ் எழுத்து

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் அழகாக ஒரு செரிப்பைப் போட்டுவிட்டு, தமிழுக்கு ஒரே தடிமனில் ஓடும் நவீன எழுத்தைப் போடுவார்கள். பலகையில் இரண்டு கடைகள் தெரியும்.

தமிழ் எழுத்தில் பாதம் கிடையாது. அதைச் செயற்கையாக ஒட்டவும் வேண்டாம். ஆங்கிலச் செரிப்புக்கு ஜோடி சேர்ப்பது தமிழில் கோட்டின் தடிமன் மாறும் விதம். பழைய ஈய அச்சுப் புத்தகத்தை எடுத்து ‘க’, ‘த’, ‘ழ’ மூன்றையும் பாருங்கள். வளைவு திரும்பும் இடத்தில் கோடு மெலிந்து மறுபடி தடிக்கும். இந்தத் தடிமன் மாற்றத்தை வைத்திருக்கிற தமிழ் ஃபான்ட்டைத் தேடுங்கள். ‘நோட்டோ செரிப் தமிழ்’ இதில் கைகொடுக்கும். மிக மெலிந்ததிலிருந்து பிளாக் வரை ஒன்பது கனங்கள் இருக்கின்றன. ‘டீரோ தமிழ்’ இதைவிட அழகு என்று நான் சொல்வேன், ஆனால் அதில் போல்டு கிடையாது. புத்தகத்துக்கானது அது.

போல்டு கிடையாது என்றால் மேலே இருக்கும் ‘பி’ பட்டனை அமுக்கினால் ஆச்சு என்று நினைக்காதீர்கள். அந்தப் பட்டன் பல சாஃப்ட்வேரில் எழுத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு உப்ப வைக்கிறது, அவ்வளவுதான். வெளிப்பக்கம் உப்புகிற அளவுக்கு உள்பக்கமும் உப்பும். ‘ண’ எழுத்தின் சுழிகள் அடைபடும், ‘ஞ’ கசங்கிப் போகும். கனம் வேண்டுமானால் கனமாகவே வரைந்த ஃபைல் வேண்டும்.

பிளாக் கனத்தைப் போடும்முன் ‘சேலம்’ என்று அடித்து அதில் இரட்டைக் கொம்பை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேலே இருக்கும் ஒரு சின்னச் சுழி. பிளாக் கனத்தில் அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அச்சில் மை கொஞ்சம் பரவினால் சுழி அடைந்து, நம் ஊரே ‘செலம்’ ஆகிவிடும். இதே ஆபத்து ‘மீ’, ‘தீ’ போன்ற நெடில்களுக்கும் உண்டு. நெடிலின் சுழி அடைந்தால் ‘மீன்’ என்பது ‘மின்’ போலத் தெரியும். புள்ளியையும் பாருங்கள். தடித்த எழுத்தில் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவரும். ‘ம்’, ‘ன்’, ‘ண்’ மூன்றிலும் புள்ளிக்குக் கீழே ஒரு கீற்றாவது வெள்ளை தெரிய வேண்டும். தெரியவில்லையா, பிளாக்கிலிருந்து எக்ஸ்ட்ராபோல்டு, அப்புறம் போல்டு என்று இறங்கி வாருங்கள். ஆங்கிலம் பிளாக்கிலும் தமிழ் ஒரு படி இறங்கியும் இருப்பது தவறில்லை. சொல்லப்போனால் பல நேரம் அதுதான் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். தமிழ் எழுத்தில் கோடுகள் அதிகம் என்பதால் அதே தடிமனில் தமிழ் கூடுதல் கறுப்பாக நிற்கும்.

ஃபான்ட்டை இறக்கும்போது ஜிப் ஃபைலுக்குள் ‘ஸ்டேட்டிக்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ஒவ்வொரு கனமும் தனித்தனி ஃபைலாக இருக்கும். பழைய கோரல்டிராவில் வேலை செய்பவர்கள் அவற்றைத்தான் நிறுவ வேண்டும். வெளியே ஒற்றையாக இருக்கும், எல்லாக் கனமும் ஒன்றிலேயே அடங்கிய வேரியபிள் ஃபைலை நிறுவிவிட்டு “ரெகுலர் மட்டும்தான் வருது” என்று தலையைச் சொறிய வேண்டாம்.

இன்னொரு தொல்லை எழுத்துரு முறை. நம் ஊர் அச்சகங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய முறை ஃபான்ட்டுகளில் மேட்டர் வரும். அதைக் காப்பி செய்து நோட்டோவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை இதற்கு இருக்கின்றன. மாற்றியபின் முழு மேட்டரையும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘வேர்ல்டு-ரெடி’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சோதிக்க ஒரு வார்த்தை: ‘கொண்டையூசி’. ஏற்காடு மலைப்பாதையில் 20 வளைவுக்கும் அந்தப் பெயர்தான், நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. ஒற்றைக் கொம்பு, கால், ஐகாரம், ஊகாரம், புள்ளி எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. அது சரியாக வந்தால் மேற்கொண்டு போகலாம்.

பழைய கடைப் பலகையைப் புதுப்பிக்கும் வேலை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதிய பலகைகளில் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’, ‘றா’, ‘னா’ போன்ற 13 எழுத்துகள் வேறு வடிவத்தில் இருக்கும். ‘சேலை’, ‘மலை’ என்று வரும் பெயர்களில் உடனே தெரியும். முதலாளி “தாத்தா காலத்துப் பலகை மாதிரியே வேணும்” என்று சொன்னால் அந்த எழுத்தையும் கேட்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் பழைய பலகையைப் படம் எடுத்து அந்த ஓரெழுத்தை மட்டும் கையால் வரைய வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ஒரு வரிக்கு மட்டும்

தடித்த செரிப் பெயருக்கு உரியது. பெயர், அல்லது தலைப்பு, அல்லது விலை. இவற்றில் ஏதாவது ஒன்று. மீதி எல்லாவற்றையும் மெலிந்த, அலங்காரமில்லாத எழுத்தில் போடுங்கள். தமிழுக்கு ‘முக்தா மலர்’, ‘ஹிந்த் மதுரை’ இரண்டில் எது வேண்டுமானாலும் சரி.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஊரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பார்த்தால் இது விளங்கும். அம்மன் பெயர், நாள், நிகழ்ச்சி, உபயதாரர், வாழ்த்துவோர் என்று எல்லாமே தடித்த எழுத்தில் இருக்கும் சுவரொட்டியில் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். பணம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தங்கள் பெயர் பெரிதாக வேண்டும், அந்தச் சங்கடம் புரிகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பெயர்களை நிறத்தால் பிரியுங்கள், அல்லது கட்டம் கட்டுங்கள். கனத்தை அம்மன் பெயருக்கு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்துக்கிடையே

தடித்த எழுத்தை நெருக்கி வைத்தால் கனம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. செரிப்பில் அது பலிக்காது, பாதங்கள் முட்டிக்கொள்ளும்.

சேலம் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், பெஸ்லி பிளாக்கில் அடித்துப் பாருங்கள். ‘ஏ’வின் வலது பாதமும் அடுத்த ‘எல்’லின் பாதமும் கீழே கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு நிற்கும். மேலேயோ ‘ஏ’வின் சரிவால் பெரிய வெள்ளை முக்கோணம். ‘எல்’லுக்கும் ‘இ’க்கும் நடுவிலும் அதே கதை, கீழே நெருக்கம், மேலே காலியிடம். இந்த இரண்டு இடத்தையும் மேற்கொண்டு நெருக்க வழியில்லை. ஆகவே மற்ற இரண்டையும், அதாவது ‘எஸ்’-‘ஏ’ இடைவெளியையும் ‘இ’-‘எம்’ இடைவெளியையும், கொஞ்சம் தளர்த்துங்கள். நடுவில் இருக்கும் காலியிடத்துக்கு ஓரங்கள் ஈடுகொடுத்ததும் சொல் ஒரே சீராகத் தெரியும். திரையைத் தலைகீழாக்கிப் பார்த்தால் இது இன்னும் எளிது. சொல்லைப் படிக்க முடியாதபோது கண் இடைவெளியை மட்டும் பார்க்கும்.

தமிழில் இடைவெளியை அதிகம் சீண்டாதீர்கள். கொம்பும் காலும் தத்தம் எழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். மொத்தமாக இடைவெளியைக் கூட்டினால் ‘கோ’ என்பது மூன்று தனி எழுத்தாகச் சிதறும். வரிகளுக்கிடையே மட்டும் தாராளமாக விடுங்கள். மேல் வரியின் ‘கு’, ‘மூ’ கீழே இறங்கும், கீழ் வரியின் ‘தி’, ‘கீ’ மேலே ஏறும், நடுவில் இரண்டும் சண்டை போடும். தடித்த எழுத்தில் அந்தச் சண்டை தெருவுக்கே தெரியும்.

ஆறாம் படி: பலகைக் கணக்கு

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் உள்ளது. பிற மொழிகளும் வந்தால் தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி 5:3:2 என்ற விகிதம். இதைத் தொல்லையாகப் பார்க்காதீர்கள், நல்ல வடிவமைப்புக் கணக்கு அது. பெரியது எது, சின்னது எது என்ற தகராறே வராது.

தொலைவுக்குப் பலகைக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு: ஓர் அங்குல உயர எழுத்து பத்தடி தூரத்துக்கு வசதியாகத் தெரியும். தமிழில் உயரம் என்றால் ‘ப’, ‘ட’ எழுத்துகளின் உடல் உயரம். மேலே ஏறும் இகர வளைவையும் கீழே இறங்கும் உகரத்தையும் சேர்த்து அளக்காதீர்கள்.

சரி, 10 அடிக்கு 3 அடி பலகை. பெயர் ‘மாங்கனி மண்டி’ என்று வைத்துக்கொள்வோம். உயரம் 36 அங்குலம் இருக்கிறதே, தமிழை 15 அங்குலம் போடலாமே என்று தோன்றும். அகலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொம்பு, கால் எல்லாவற்றையும் தனி உருவமாக எண்ண வேண்டும்: ம, கால், ங், க, னி என்று ஐந்து, ம, ண், டி என்று மூன்று. மொத்தம் எட்டு, நடு இடைவெளிக்கு அரை. தடித்த தமிழ் எழுத்தின் அகலம் சராசரியாக உயரத்தைப் போல 1.2 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஓரத்திலும் 6 அங்குலம் விட்டால் மிச்சம் 108. கணக்குப்படி உயரம் பத்தரை அங்குலத்துக்கு மேல் போகாது. ஆக, தமிழ் 10 அங்குலம், ஆங்கிலம் 6 அங்குலம். விகிதமும் 5:3. மேலும் கீழும் நடுவுமாக 20 அங்குலம் காலி. “இவ்ளோ இடம் சும்மா கெடக்குதே?” என்று முதலாளி கேட்பார். அந்தக் காலியிடம்தான் பெயரை எதிர்ப்புறம் வரை கொண்டுபோகிறது என்று சொல்லுங்கள். அப்படியும் நம்பவில்லை என்றால் நிரப்பிய ஒன்றையும் காலியாக விட்ட ஒன்றையும் தாளில் எடுத்து ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒருவரைப் பிடிக்கச் சொல்லிக் காட்டுங்கள்.

எழுத்தை உயரத்துக்கு இழுத்து இடத்தை நிரப்புவது மட்டும் கூடவே கூடாது. இழுத்தால் படுக்கைக் கோடு தடிக்கும், நிற்கும் கோடு பழைய தடிமனிலேயே இருக்கும். செரிப் எழுத்தின் உயிரே அந்த இரண்டுக்கும் உள்ள கணக்கில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: எதன்மேல் அச்சாகிறது

பிட் நோட்டீஸ் தாள் மை குடிக்கும், எழுத்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஊதும். கிளாரண்டன் வகை தாங்கும், போடோனி வகை தாங்காது.

ஃபிளக்ஸில் நுணுக்கம் தங்காது, எழுத்து பெரிதாக இருப்பதால் பாதகமில்லை. பின்னால் விளக்கு வைக்கும் பலகையில் மட்டும் எச்சரிக்கை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் ஒளி கசிந்து எழுத்து இன்னும் தடிக்கும், சுழிகள் அடைபடும். ஒரு கனம் குறைத்துப் போடுங்கள்.

துணிப்பையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், இப்போது அந்த வேலை நிறைய வருகிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பின் சின்னக் கடைகள்கூட பை கேட்கின்றன. மஞ்சள் துணியில் சிவப்பிலோ நீலத்திலோ ஒற்றை நிறத்தில் ஜவுளிக்கடைப் பெயர் என்பது நமக்குப் பழகிய முகம், தடித்த எழுத்துக்கு இதைவிட நல்ல மேடை கிடையாது. ஆனால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை வலை வழியாக இறங்கித் துணி நூலில் பரவும். துணியின் நூலைவிடச் சின்னதான எந்த வெள்ளையும் தங்காது. சோதனை சுலபம்: வடிவமைப்பை உண்மையான அளவில் லேசர் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் பைத் துணித் துண்டு ஒன்றை வையுங்கள். ‘சே’யின் சுழிக்குள் இருக்கும் வெள்ளையைப் பக்கத்தில் இருக்கும் நூலோடு ஒப்பிடுங்கள். வெள்ளைக்குள் நான்கைந்து நூலாவது அடங்கினால் பிழைக்கும். ஒன்றிரண்டுதான் அடங்குகிறது என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது கனத்தைக் குறையுங்கள், அல்லது எழுத்தின் வடிவத்தையே திருத்தும் நோட் எடிட்டிங்கில் போய் அந்தச் சுழியை மட்டும் கையால் திறந்துவிடுங்கள். மூன்றாவதைச் செய்யத் தெரிந்தவரை எந்தக் கடையும் விடாது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பெட்டிகளில் தங்கநிற ஃபாயில் அடிப்பார்கள். ஃபாயிலும் சுழியை அடைக்கும், ஓரத்தில் உரியும். அங்கே பிளாக் வேண்டாம், போல்டு போதும். மினுமினுப்பே பாதிக் கனத்தைக் கொடுத்துவிடும்.

எட்டாம் படி: ஒரு காபிப் பொட்டலம்

ஏற்காட்டுக் காபித்தூள், கால் கிலோ பொட்டலம், காப்பிக்கொட்டை நிறப் பின்னணி, எழுத்து வெளிர் மஞ்சள். முகப்பில் ‘ஏற்காடு காபி’ நோட்டோ செரிப் எக்ஸ்ட்ராபோல்டில், இரண்டு வரியாக. ஒரே வரியில் அடக்க நினைத்தால் எழுத்து சின்னதாகிவிடும். ‘ஏற்காடு’ என்பதில் ‘ற்’ புள்ளிக்கும் மேல் விளிம்புக்கும் இடம் விடுங்கள். ‘டு’ கீழே இறங்குவதால் அடுத்த வரியை அதற்கேற்பத் தள்ளுங்கள். கீழே ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் பெஸ்லி பிளாக்கில், தமிழின் பாதிக்குச் சற்று மேல். அதற்குக் கீழே மெலிந்த எழுத்தில் ‘வறுத்து அரைத்தது’. முகப்பு அவ்வளவுதான். ஏரிப் படம், மலைப் படம், காபிக்கொட்டை, ஆவி பறக்கும் டம்ளர் எல்லாம் சேர்த்தால் தடித்த எழுத்து போட்டதே வீண்.

பின்புறத்தில் சட்டம் கேட்கும் விவரங்கள். சிக்கரி கலந்திருந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டே ஆக வேண்டும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம். நிகர எடை, விலை, தேதி, முகவரி. இவற்றில் ஒன்றைக்கூடத் தடித்த செரிப்பில் போடாதீர்கள். சின்ன அளவில் தடித்த ‘3’, ‘8’, ‘6’ மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், உரிம எண்ணைத் தப்பாகப் படித்தால் தலைவலி கடைக்காரருக்குத்தான்.

ஒன்பதாம் படி: உரிமமும் ஃபைலும்

மேலே சொன்ன கூகுள் ஃபான்ட்டுகள் திறந்த உரிமத்தில் வருபவை. வியாபார வேலைக்குக் காசு கட்டாமல் பயன்படுத்தலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ‘ஆயிரம் ஃபான்ட் கலெக்‌ஷன்’ என்று பென் டிரைவில் கைமாறும் கூப்பர் பிளாக்கும் கிளாரண்டனும் பெரும்பாலும் திருட்டு நகல். வெளியூர்ப் பெரிய நிறுவனத்துக்கு வேலை செய்யும்போது உரிமம் எங்கே என்று கேட்பார்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்முன் எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாமல் வேறு ஏதாவது வந்து உட்காரும். மாற்றாத மூலப்பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் போன் நம்பர் மாறியது என்று கட்டாயம் வருவார்கள். மாற்றியபின் புள்ளிகளை மறுபடி பாருங்கள். சில நேரம் புள்ளியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தில் ஓட்டை விழும். அப்படி இருந்தால் இரண்டையும் வெல்டு செய்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள்.

ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, வந்ததும் கையில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள். சுவரில் ஒட்டி, கடை வாசல் வரை நடந்து போய், கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பெயர் ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் எந்த எழுத்து அடைத்துக்கொண்டது என்று கிட்டே போய்த் தேடி, அதை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புங்கள். பிளேட் போடுவதற்கு முன் என்றால் அது அஞ்சு நிமிஷ வேலை, பை ஆயிரம் அடித்தபின் என்றால் யார் காசு என்ற பேச்சு வரும். அதனால் ப்ரூஃப் தாளில் வாடிக்கையாளரின் கையெழுத்தைத் தேதியோடு வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள்.